வக்கீல் இல்லாமல் புரொபேட் வாங்கலாமா?

கேள்வி: அப்பா தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். வக்கீல் வைக்காமல் நானே புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்க முடியுமா?

பதில்: உயிலில் குழப்பமில்லை, வாரிசுகளுக்குள் சண்டையில்லை என்றால் முயலலாம். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், முதலில் நீதிமன்ற அலுவலகத்தில் விசாரியுங்கள். நகல் எடுக்கிறேன் என்று அசல் உயிலின் ஸ்டேப்ளர் பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள், வெறும் துளையைப் பார்த்தால் ‘இதோடு வேறு தாள் இருந்ததா?’ என்று கேள்வி வரும். இறப்புச் சான்றிதழைக் கூடுதலாகவே வாங்குங்கள், ஆளாளுக்குக் கேட்பார்கள். அப்புறம், கடனையும் வரியையும் தீர்க்காமல், தம்பி அவசரப்படுகிறான் என்று பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டால், பின்னால் வரும் கடன்காரருக்கு உங்கள் கைக்காசைப் போட வேண்டி வரலாம். அப்பாவின் பணத்தை உங்கள் கணக்கில் கலக்கவே கலக்காதீர்கள். யாராவது உயிலை எதிர்த்தால், சரி, அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.