வணிகச் சட்டம்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் அளிப்பவர் கூட்டுறவு நூற்பாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

துறையூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். தளம் போடுவதற்கு முன் நான்கு கடைகளில் சிமெண்ட் விலை கேட்டேன். கம்பெனி வேறு, விலை ஏறக்குறைய ஒன்று. ஏறும்போதும் எல்லாம் ஒரே வாரத்தில் ஏறுகின்றன. இது கூட்டுக் கொள்ளை இல்லையா? புகார் செய்ய முடியுமா?

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் விலை ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. ஒரு கம்பெனி விலையை ஏற்றியதைப் பார்த்து அடுத்த கம்பெனி தானாக ஏற்றினால் சட்டம் தலையிடாது. போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்து ஏற்றியிருந்தால், 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், மூன்றாம் பிரிவு வருகிறது. விலையைப் பேசி முடிவு செய்வது, வேண்டுமென்றே உற்பத்தியைக் குறைப்பது, 'அந்த மாவட்டம் உனக்கு, இந்த மாவட்டம் எனக்கு' என்று பிரித்துக்கொள்வது, டெண்டரில் கூட்டுச் சேர்வது எல்லாம் அதற்குள் அடங்கும். நம் பத்திரிகைகள் 'சிண்டிகேட்' என்று எழுதுவது இதைத்தான்.

சிமெண்ட்டுக்கே பெரிய வழக்கு ஒன்று உண்டு. பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2012 ஜூனில் பதினொரு கம்பெனிகளுக்கும் சிமெண்ட் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்தப் பதினொன்றில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியா சிமெண்ட்ஸும், இன்று ராம்கோ என்று அழைக்கப்படும் மெட்ராஸ் சிமெண்ட்ஸும் அடக்கம். ஆணையம் விலைப் பட்டியலை மட்டும் பார்க்கவில்லை. சங்கத்தின் கூட்டங்கள் எந்தத் தேதிகளில் நடந்தன, அதையொட்டி விலை எப்படி நகர்ந்தது, ஆலைகளின் உற்பத்தித் திறன் இருந்தும் உற்பத்தி ஏன் குறைந்தது என்று ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தது. கம்பெனிகள் உற்பத்தி, விலை விவரங்களைச் சங்கத்தின் வழியாகப் பகிர்ந்துகொண்டதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. வாதங்களை நேரில் கேட்காத தலைவர் உத்தரவில் கையெழுத்திட்டார் என்ற காரணத்தால் 2015 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவை ரத்து செய்தது. மறுபடி விசாரித்து 2016 ஆகஸ்டில் ஆணையம் மீண்டும் அபராதம் விதித்தது. 2018 ஜூலையில் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கம்பெனிகளின் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்று, அதுவரை அபராதத்தில் பத்து சதவீதத்தை மட்டும் கட்டச் சொன்னது. ஒரு கையெழுத்துப் பிழை கம்பெனிகளுக்கு எத்தனை ஆண்டுகளை வாங்கிக் கொடுத்தது பாருங்கள்! முழு அபராதமும் வசூலானாலும் அது இந்தியத் தொகுப்பு நிதிக்குத்தான் போகும்; அந்த நாட்களில் கூடுதல் விலை கொடுத்து வீடு கட்டியவர் கைக்கு வராது. நஷ்ட ஈடு கேட்க 53என் என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிண்டிகேட் இருந்தது என்ற முடிவு வந்த பிறகு தீர்ப்பாயத்தில் தனியாக மனு போட வேண்டும். இருநூறு மூட்டை வாங்கியவர் அதற்காக டெல்லிக்கு நடப்பாரா?

எனவே தனியாகப் போகாதீர்கள். உங்கள் பகுதிக் கட்டுமானப் பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் சேர்ந்து புகார் கொடுக்கட்டும். தேதியோடு கூடிய பில்களை வைத்திருங்கள். 'நாளை முதல் புதிய விலை, மற்ற கம்பெனிகளும் ஏற்றுகின்றன' என்று முகவருக்கு வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தி கிடைத்தால், அது நூறு பில்களைவிட மேலானது.

எங்கள் ஊர் மருந்துக் கடைச் சங்கம் யாரும் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. நான் பத்து சதவீதம் கொடுத்து வந்தேன். கட்டுப்பட வேண்டுமா? – மருந்துக் கடை உரிமையாளர், பொள்ளாச்சி

வேண்டாம். அதிகபட்ச சில்லறை விலைக்குக் கீழே எவ்வளவுக்கு விற்பது என்பது உங்கள் விருப்பம். தள்ளுபடியைத் தடுப்பது, புதிய மொத்த விற்பனையாளரை நியமிக்கச் சங்கத்தின் தடையில்லாச் சான்று கேட்பது போன்றவற்றுக்காக மருந்து வணிகர் சங்கங்கள் மீது ஆணையம் பலமுறை நடவடிக்கை எடுத்திருக்கிறது. சுற்றறிக்கையைக் கிழித்துவிடாதீர்கள், எழுத்தில் இருக்கும் ஆதாரம் அது.

கார் வாங்கப் போனேன். ஷோரூம் மேலாளர், "இதற்கு மேல் குறைத்தால் கம்பெனி எங்களுக்கு அபராதம் போடும்" என்றார். உண்மையாக இருக்குமா? – ஆசிரியை, கோவில்பட்டி

உங்கள் ஷோரூம் விஷயம் எனக்குத் தெரியாது, ஆனால் அப்படி நடந்ததாக ஆணையம் ஓர் உத்தரவில் எழுதியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் மாருதி சுசுகி நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவு அது. நிர்ணயித்த தள்ளுபடிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று டீலர்களுக்குக் கட்டுப்பாடு. மீறுகிறார்களா என்று பார்க்க, வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்கள் ஷோரூமுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களிடம் அதிகத் தள்ளுபடி சொல்லிச் சிக்கிய டீலருக்கு மட்டுமல்ல, விற்பனைப் பிரிவு மேலாளர் போன்ற ஊழியர்களுக்கும் தனித்தனியே அபராதம். அந்தப் பணத்தை எங்கே கட்டுவது, எதற்குச் செலவிடுவது என்பதையும் நிறுவனமே சொன்னது என்கிறது உத்தரவு. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது.

தயாரிப்பாளர் டீலருக்கு விதிக்கும் எல்லாக் கட்டுப்பாடும் தப்பில்லை. அதனால் சந்தையில் போட்டி கெடுகிறதா என்று ஆணையம் எடை போட்டுப் பார்க்கும். பக்கத்து ஊர் டீலரிடமும் விலை கேட்டு, இருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். உங்களைப் போல மாதச் சம்பளத்தில் சேமித்துக் கார் வாங்குபவருக்கு அந்த ஐயாயிரம், பத்தாயிரம் சின்னத் தொகை இல்லை.

அரசு விடுதிகளுக்குப் பொருள் சப்ளை செய்யும் சிறு நிறுவனம் எங்களுடையது. போன டெண்டரில், வேறு இருவர் கேட்டுக்கொண்டதால் ஒப்புக்கு அதிக விலை எழுதிப் போட்டோம். 'அடுத்த முறை உனக்கு' என்றார்கள். இப்போது பயமாக இருக்கிறது. – பெயர் வேண்டாம்

பயம் வந்ததே நல்லது. டெண்டர் கவர்களைப் பிரிக்கும் மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நிறுவனங்களின் முன்வைப்புத் தொகைக்கான டி.டி.க்கள் ஒரே வங்கிக் கிளையில், அடுத்தடுத்த எண்களில் எடுக்கப்பட்டிருந்தன. மூன்று கடிதங்களிலும் 'டெலிவரி' என்ற சொல்லில் ஒரே எழுத்துப்பிழை. போட்டி போடுகிறவர்களுக்கு ஒரே தட்டச்சர்! அன்று அந்த டெண்டரை ரத்து செய்யப் பரிந்துரைத்தேன். உங்கள் கவரும் ஒரு நாள் அப்படி ஒரு மேசைக்கு வரும்.

இந்திய உணவுக் கழகத்தின் 2009 டெண்டரில், தானியக் கிடங்குகளில் பூச்சி கொல்லப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு மூன்று கம்பெனிகளும் கிலோ 388 ரூபாய் என்று எழுதியிருந்தன. ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. கூட்டுச் சேர்ந்தார்கள் என்ற முடிவை 2017இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அபராதத்தை மட்டும் சம்பந்தப்பட்ட பொருளின் விற்றுமுதலை வைத்துக் கணக்கிடச் சொன்னது.

உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி, கூட்டில் இருந்தவர் தாமாக வந்து முழு உண்மையையும் சொன்னால் அபராதம் குறையும். முதலில் வருபவருக்கு முழுவதுமே தள்ளுபடி ஆகலாம். டார்ச் பேட்டரி விலையில் எவரெடி, நிப்போ, பானாசோனிக் மூன்றும் கூட்டுச் சேர்ந்த வழக்கில், உண்மையை முதலில் சொன்ன பானாசோனிக்குக்கு 2018இல் அபராதம் முழுவதும் தள்ளுபடி. பின்னால் வந்த எவரெடிக்கு முப்பது சதவீதமும் நிப்போவுக்கு இருபது சதவீதமும்தான் குறைந்தது. எவரெடி கட்ட வேண்டியதாக மிஞ்சியது 171 கோடிக்கு மேல்.

அந்த இருவரில் ஒருவர் உங்களுக்கு முன் போய்விட்டால் அந்த முதல் இடம் அவருக்கு. ஆகவே 'அடுத்த முறை'க்குக் காத்திருக்காதீர்கள். அவர்கள் அனுப்பிய செய்திகளை அழிக்க வேண்டாம். யார், எந்தத் தேதியில், என்ன விலை சொன்னார்கள் என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். போட்டிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள். ஆணையத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. உங்கள் பெயரை ரகசியமாக வைக்கும்படி விண்ணப்பத்திலேயே கேட்கலாம்.