நியூயார்க்கில் எங்கள் கோ-ஆப் (குடியிருப்போரே கூட்டாக உரிமை கொண்ட) கட்டிடத்துக்கான எரிசக்தி, தண்ணீர் பெஞ்ச்மார்க்கிங் அறிக்கையை ஆலோசகர் இல்லாமல் நாங்களே தாக்கல் செய்ய முடியுமா?

முடியும். கட்டிடம் ஓராண்டில் பயன்படுத்திய மின்சாரம், எரிபொருள், தண்ணீரின் அளவை மாநகருக்குத் தெரிவிப்பதுதான் இந்த அறிக்கை. உள்ளூர்ச் சட்டம் 84 கேட்கும் இதற்கு எந்தப் பொறியாளரின் கையெழுத்தும் தேவையில்லை. குவீன்ஸில் எங்கள் கோ-ஆப் போர்டில் நான் பொருளாளர். எங்கள் கட்டிடத்துக்கு நான்தான் தாக்கல் செய்கிறேன். இதற்குப் பயன்படும் போர்ட்ஃபோலியோ மேனேஜர் என்ற இணையக் கருவி, மத்திய சுற்றுச்சூழல் முகமை இலவசமாகத் தருவது. அதில் எண்களை நிரப்புவது பெரிய வித்தை இல்லை. சரியான எண்களைக் கையில் கொண்டுவருவதில்தான் வேலையே இருக்கிறது.

முதலில் உங்கள் கட்டிடம் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். 2009-இல் சட்டம் வந்தபோது 50,000 சதுர அடி என்றிருந்த வரம்பை 2016-இல் 25,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஒரே வரி மனையில் பல கட்டிடங்கள் இருந்தால், எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் சதுர அடியைத் தாண்டினாலும் சட்டம் பொருந்தும். மாநகரக் கட்டிடத் துறை ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. மனையின் 10 இலக்க எண், கட்டிடத்தின் 7 இலக்க எண் இரண்டையும் அதிலிருந்து அப்படியே எடுத்துக் கருவியில் இடுங்கள். அதில் ஓர் இலக்கம் பிசகினாலும் அறிக்கை உங்கள் கட்டிடத்தின் கணக்கில் சேராது.

அடுத்தது மீட்டர். புதிதாகச் செய்பவர்கள் போர்டு கட்டும் பில்லை மட்டும் எடுத்து ஏற்றிவிடுவார்கள். அது லிஃப்ட், நடைபாதை விளக்கு, பம்பு, லாண்டரி அறைக்கான பொது மீட்டர். சட்டம் கேட்பதோ முழுக் கட்டிடத்தின் கணக்கு. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஓடும் ஏசியும் அடுப்பும் அதில் சேரவேண்டும். வீடு வீடாகப் போய் பில் கேட்கத் தேவையில்லை. மின் நிறுவனமான கான் எடிசனிடம் விண்ணப்பித்தால் எல்லா வீடுகளின் பயன்பாட்டையும் கூட்டி, தனித்தனிப் பெயர் இல்லாமல், நேராகப் போர்ட்ஃபோலியோ மேனேஜருக்கே அனுப்பிவிடும். அந்தக் கூட்டுத்தொகைக்குள் பொது மீட்டரும் அடங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடங்கியிருந்தால் அதைத் தனியாக ஏற்றக்கூடாது; ஏற்றினால் அதே மின்சாரம் இரண்டு முறை கணக்கில் வரும்.

எரிவாயுவுக்குக் குவீன்ஸில் சில பகுதிகளில் கான் எடிசன், சில பகுதிகளில் நேஷனல் கிரிட். சமையல் வாயு ஒரு கணக்கிலும் பாய்லர் வாயு இன்னொரு கணக்கிலும் இருக்கலாம், இரண்டும் வேண்டும். பாய்லர் எண்ணெயிலும் ஓடக்கூடியதா என்று சூப்பரிடம் (கட்டிடப் பராமரிப்பாளரிடம்) கேளுங்கள். கடுங்குளிர் நாட்களில் வாயுவிலிருந்து எண்ணெய்க்கு மாற்றும் கட்டிடங்கள் உண்டு. அந்த எண்ணெய் ரசீதுகள் மேனேஜிங் ஏஜென்ட்டின் ஏதோ ஒரு கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கும். எண்ணெயை மாதப் பயன்பாடாக இல்லாமல், லாரி வந்த தேதியும் கேலன் அளவுமாகப் பதிய வேண்டும்.

பரப்பளவிலும் கவனம் வேண்டும். வெளிச்சுவரின் வெளிப்புறம் வரை அளந்த மொத்தப் பரப்பு இது. அடித்தளம், படிக்கட்டு, பாய்லர் அறை எல்லாம் சேரும். கார் நிறுத்துமிடம் சேராது, அதைத் தனியாகக் காட்டவேண்டும். வரிப் பதிவில் இருக்கும் எண் இதோடு ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். கட்டிட வரைபடத்தைத் தேடி எடுங்கள். வீடுகளின் எண்ணிக்கை, படுக்கையறைகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்குக் கருவி தரும் உத்தேச மதிப்புகளையும் ஏற்காதீர்கள், கட்டிடத்தின் எரிசக்திச் சிக்கனத்துக்குக் கருவி தரும் 1 முதல் 100 வரையான மதிப்பெண்ணைத் தீர்மானிப்பவற்றில் இவையும் உண்டு.

தண்ணீர் அந்த மதிப்பெண்ணில் சேர்வதில்லை. அதனாலேயே பலர் அதைச் சடங்காகச் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் உடனடியாகப் பணம் மிச்சப்படுத்துவது அந்தப் பகுதிதான். தானாக அளவு அனுப்பும் மீட்டர் முந்தைய ஆண்டு முழுவதும் இருந்திருந்தால் தண்ணீர்க் கணக்கும் கட்டாயம். மாநகரச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையிடம் பதிந்தால் அவர்களே ஏற்றிவிடுவார்கள். பில்லில் வரும் ஓர் அலகு நூறு கன அடி, அதாவது 748 கேலன். குடியிருப்போர் எண்ணிக்கை மாறாமல் பயன்பாடு மட்டும் ஏறியிருந்தால், முதலில் டாய்லெட் தொட்டிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியின் அடியில் உள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டால் சத்தமே இல்லாமல் இரவும் பகலும் ஒழுகும். கசிவு எச்சரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பும் வசதியும் அந்தத் துறையிடம் இருக்கிறது. அதற்கும் சேர்த்தே பதிந்துவிடுங்கள்.

காலக்கெடு மே 1. தவறினால் 500 டாலர். ஆகஸ்ட் 1, நவம்பர் 1, பிப்ரவரி 1 என்று ஒவ்வொரு கெடுவையும் தவறவிட்டால் இன்னொரு 500, மொத்தம் 2,000 வரை போகும். எனவே மே மாதம் போய்விட்டதே என்று கைவிடாதீர்கள். அனுப்பியதும் வரும் உறுதி மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களிலிருந்துதான் வாசலில் ஒட்டவேண்டிய எழுத்துத் தரம் வருகிறது. மதிப்பெண் 85-உம் அதற்கு மேலும் என்றால் ஏ, 70 முதல் பி, 55 முதல் சி, அதற்குக் கீழே டி. அறிக்கையே தராவிட்டால் எஃப். அக்டோபர் 31-க்குள் ஒட்டாவிட்டால் 1,250 டாலர்.

ஆலோசகருக்குச் செலவழிப்பதென்றால், அதைக் கட்டிடங்களின் கார்பன் வெளியேற்றத்துக்கு வரம்பு வைக்கும் உள்ளூர்ச் சட்டம் 97-க்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான அறிக்கையை உரிமம் பெற்ற பொறியாளரோ கட்டிடக் கலைஞரோ சான்றளித்தே ஆகவேண்டும். 2024 முதல் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சதுர அடிக்கு ஆண்டுக்கு 0.00675 டன் கார்பன் டை ஆக்சைடு (அதற்கு இணையான வாயுக்களும் சேர்த்து) என்பது வரம்பு. 60,000 சதுர அடி என்றால் ஆண்டுக்கு 405 டன். மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர். 2030-இல் வரம்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். நீங்கள் இப்போது ஏற்றும் அதே வாயு, எண்ணெய், மின்சார எண்கள்தான் அங்கேயும் போகின்றன. பரப்பைக் குறைத்துக் காட்டினால் உங்கள் வரம்பை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள்.

ஏற்கனவே ஓர் ஆலோசகர் செய்துகொண்டிருந்தால், போர்ட்ஃபோலியோ மேனேஜர் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அவருடைய பெயரில் என்றால், கட்டிடத்தை உங்கள் போர்டின் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். கருவியிலேயே அதற்கு வழி இருக்கிறது, பழைய ஆண்டுகளின் தரவும் கூடவே வந்துவிடும்.