ஏசிஎல் அறுவையில் மேலே பட்டன், கீழே ஸ்க்ரூ: இரண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்டால் கெட்டியாக இருக்காதா?

பட்டன் என்றதும் சட்டைப் பட்டன் மாதிரி ஏதோ தொங்கும் என்று பயந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பயப்பட வேண்டியது அங்கே இல்லை. முழங்காலுக்குள் கிழிந்த ஏசிஎல் என்ற ஜவ்வுக்குப் பதிலாக, தொடைப் பின்புறத் தசைநாணை எடுத்து நாலாக மடித்து (இதுதான் கிராஃப்ட்) போடப்போகிறார்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பட்டன் 12 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலமுள்ள உலோகத் துண்டு. 4.5 மி.மீ. துளை வழியாக நீளவாக்கில் வெளியேறி, குறுக்கே திரும்பி, தொடை எலும்பின் வெளி ஓட்டில் உட்கார்ந்துகொள்ளும். எலும்பிலேயே கெட்டியான இடம் அந்த ஓடுதான். தவறு நடப்பது அது திரும்பும் நேரத்தில். எலும்புக்கும் பட்டனுக்கும் நடுவே தசை சிக்கினால், பிறகு அந்தத் தசை நசுங்கி மெலிய மெலிய, ஜவ்வும் அத்தனை மில்லிமீட்டர் தளரும். அதனால்தான் கிராஃப்டைக் கீழிருந்து இழுத்துப் பார்ப்பதும், சந்தேகம் வந்தால் தியேட்டரிலேயே சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியில் படம் எடுப்பதும். பட்டனில் கிராஃப்டைத் தொங்கவிடும் நூல் வளையம் (லூப்) இழுத்துச் சுருக்கும் வகை என்றால், முழங்காலை இருபது தடவை மடக்கி நீட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். முதல் இறுக்கத்தோடு விட்டால் லூப் நெகிழ வாய்ப்புண்டு.

உண்மையில் பலவீனமான பக்கம் கீழே. கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதி பஞ்சுபோல மிருதுவானது. இழுவையும் துளையின் நேர்க்கோட்டிலேயே வருகிறது. 8 மி.மீ. துளைக்கு 8 அல்லது 9 மி.மீ. ஸ்க்ரூ, நீளம் 25 முதல் 30 மி.மீ. போடுவது வழக்கம். வழிகாட்டிக் கம்பி துளைக்கு இணையாகப் போகாமல் சாய்ந்தால் ஸ்க்ரூவும் சாயும். 15 பாகைக்கு மேல் போனால் பிடி குறையும். மரையின் முனை கூராக இருந்தால் தசைநாணையே அறுத்துவிடும். எலும்பு மிருதுவாக இருந்தால் ஸ்க்ரூவை மட்டும் நம்பாமல், நூல்களை வாஷர் வைத்த இன்னொரு ஸ்க்ரூவில் கட்டுவார்கள், அல்லது ஸ்டேப்பிள் அடிப்பார்கள்.

"நாங்கள் இரண்டு பக்கமும் ஸ்க்ரூதான் போடுகிறோம்" என்று சர்ஜன் யாராவது சண்டைக்கு வரலாம். முழங்கால் சில்லுத் தசைநாணை எலும்புத் துண்டுகளோடு எடுத்தால் அது சரியான முறைதான். எலும்போடு எலும்பு சேர 6 முதல் 8 வாரம் போதும். வெறும் தசைநாண் எலும்பில் பிடிக்க அதைவிட நாளாகும். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஸ்காட் ரோடியோவின் குழு 1993-இல் வெளியிட்ட நாய்ச் சோதனையில், 8 வாரம் வரை இழுத்தால் தசைநாண் துளையிலிருந்து கழன்று வந்தது. 12 வாரத்தில் கழலவில்லை. தசைநாண் எலும்பில் பிடிக்கும்வரை, அந்த இடைப்பட்ட வாரங்களில்தான் பட்டனும் ஸ்க்ரூவும் அதைக் காப்பாற்ற வேண்டும்.

கரையும் ஸ்க்ரூ முறுக்கும்போதே உடையலாம், பின்னால் நீர்க்கட்டியும் வரலாம். டைட்டானியம் போட்டாலும் எம்ஆர்ஐ எடுக்கலாம். சுற்றிலும் படம் கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆற்றாமையால். ஸ்க்ரூவின் அளவு, உலோகம், கம்பெனி எல்லாம் அச்சடித்த ஸ்டிக்கர் அதன் பெட்டியிலேயே இருக்கிறது. ஆனாலும் பல டிஸ்சார்ஜ் சம்மரிகளில் "ஏசிஎல் சீரமைப்பு செய்யப்பட்டது" என்ற ஒற்றை வரிதான். ஐந்து வருடம் கழித்து அதைக் கழற்ற வேண்டி வந்தால், எந்த ஸ்க்ரூ டிரைவர் பொருந்தும் என்று தியேட்டரில் தேடிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் முன் அந்த ஸ்டிக்கரின் நகலைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டிக்கொள்ளுங்கள்.