கைனேஸ்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கைனேஸும் ஒரு நொதிதானே? ஏன் அதைத் தனியாகப் பிரித்துப் பேசுகிறார்கள்?

நொதிதான். கேடலேஸ் என்ற நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை நேரடியாகச் சிதைக்கிறது. புரதக் கைனேஸோ செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தில் சேர்த்து, அதன் போக்கையே மாற்றிவிடுகிறது. இதைக் கண்டறிந்த ஃபிஷர், கிரெப்ஸ் இருவருக்கும் 1992-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வறட்சியில் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் கைனேஸைத் தூண்டுகிறது என்று படித்தேன். எப்படி?

நேரடியாகத் தூண்டுவதில்லை. பலரும் தவறவிடும் இடம் இதுதான். ஓஎஸ்டி1 என்ற கைனேஸ் இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்களில் எப்போதும் இருக்கிறது. தண்ணீர் போதுமான அளவு உள்ளபோது, பிபி2சி வகைப் பாஸ்படேஸ் நொதிகள் அதிலிருந்து பாஸ்பேட்டை நீக்கி அதை அடக்கி வைக்கின்றன. வறட்சியில் அப்சிசிக் அமிலம் பெருகும். அது தன் ஏற்பியோடு சேர்ந்ததும், அந்த ஏற்பி பாஸ்படேஸைப் பிடித்துக்கொள்ளும். தடை விலகியதும் கைனேஸ் விழித்து எஸ்எல்ஏசி1 அயனி வழியைத் திறந்துவிடும். குளோரைடு வெளியேற, பொட்டாசியமும் நீரும் பின்தொடர, காப்புச் செல்கள் தளர்ந்து துளை மூடிக்கொள்கிறது. ஏற்பிகள் 2009-ல் தெரியவந்த பிறகுதான் இந்தச் சங்கிலி முழுமையானது.

ஓஎஸ்டி1 பழுதான, ஆய்வகங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் செடியை வறட்சியில் அகச்சிவப்புக் கேமராவில் பாருங்கள். துளைகள் மூடாமல் நீராவி போய்க்கொண்டே இருப்பதால், இலை மற்ற செடிகளின் இலைகளைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

அப்படியானால் இந்தக் கைனேஸை மிகுதியாக்கினால் வறட்சி தாங்கும் பயிர் வந்துவிடுமா?

துளை மூடினால் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வராது, ஒளிச்சேர்க்கை குறையும். உயிர் பிழைப்பதும் விளைச்சல் தருவதும் ஒன்றல்ல.

பாக்டீரியாவிலும் கைனேஸ் உண்டா?

ஏராளம். ஆனால் அங்கே அதிகம் காண்பது, ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றும் ஹிஸ்டிடின் கைனேஸ்கள். ஈ. கோலை பாக்டீரியாவில் என்வ்இசட் என்ற உறைப் புரதம் சவ்வூடு அழுத்தம் மாறுவதை உணர்ந்து, தன் ஹிஸ்டிடினில் பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்ளும். அதை ஓஎம்பிஆர் என்ற புரதத்திடம் ஒப்படைக்கும். அது வெளியுறைத் துளைப் புரதங்களின் ஜீன்களைக் கட்டுப்படுத்தும். செரின், த்ரியோனின் என்ற அமினோ அமிலங்கள் மீது வேலை செய்யும் கைனேஸ்களும் பாக்டீரியாவில் உண்டு; காசநோய்க் கிருமியில் மட்டும் 11 இருக்கின்றன.

நோய்க்கிருமிகள் செடியின் கைனேஸ்களை முடக்குமா?

முடக்கும், அதுவும் நுட்பமாக. பாக்டீரியாவின் கசையிழைத் துணுக்கை எஃப்எல்எஸ்2 என்ற ஏற்பிக் கைனேஸ் கண்டுகொண்டால், ஒன்றை ஒன்று தூண்டும் மேப் கைனேஸ் சங்கிலி வழியே எதிர்ப்பு கிளம்பும். சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற நோய்க்கிருமி பாக்டீரியா செலுத்தும் ஹோப்ஏஐ1 என்ற நொதி அந்த மேப் கைனேஸின் த்ரியோனினிலிருந்து பாஸ்பேட்டைப் பறிக்கும். சாதாரண பாஸ்படேஸ் நீக்கினால் மறுபடி சேர்க்கலாம். இது பாஸ்பேட் ஒட்டவேண்டிய ஆக்சிஜனையும் சேர்த்தே எடுத்துவிடுவதால், அந்த இடத்தில் இனி பாஸ்பேட் ஏறவே முடியாது.

புரதங்களை ஆன்டிபாடியால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில், பாஸ்பேட் ஏறிய புரதத்தைக் காட்டும் பாஸ்போ பட்டை சில நாள் தெரிகிறது, சில நாள் மறைகிறது. ஏன்?

இலையை அரைத்ததும் செல்லின் பாஸ்படேஸ்கள் பாஸ்பேட்டை அகற்றத் தொடங்கிவிடும். பறித்த இலையை உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள். கரைசலில் சோடியம் ஃபுளோரைடு போன்ற பாஸ்படேஸ் தடுப்பான்களைச் சேர்த்து, பனிக்கட்டி மேலேயே வேலையை முடியுங்கள். பிளாக்கிங்குக்கு, அதாவது ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்க, பால் பொடி பயன்படுத்தினால் அதிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். பின்னணிக் கறை கூடலாம். பதிலாக பிஎஸ்ஏ (மாட்டின் சீரம் அல்புமின் புரதம்) பயன்படுத்திப் பாருங்கள்.