பதில் தாமதமானால் கட்டுரையைத் தரகரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: வேதாகமக் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பிக்கிறேன். ரோமர் 9–11 பற்றிய என் கட்டுரையை ஒரு இவாஞ்சலிக்கல் இறையியல் இதழுக்கு அனுப்பி நாலு மாதமாகிறது. ‘கிடைத்தது’ என்ற ஒரு வரியோடு சரி. இதற்கிடையில், ‘சர்வதேச இறையியல் இதழில் பத்து நாளில் போட்டுத் தருகிறேன், ஐஎஸ்எஸ்என் உண்டு, கட்டணம் கட்டினால் போதும்’ என்று ஒருவர் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். கல்லூரியிலோ வெளியீடு கேட்டு நெருக்குகிறார்கள். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரரே. நாலு மாத மௌனம் நிராகரிப்பு அல்ல. இதழுக்கு வரும் கட்டுரையை முதலில் பதிப்பாசிரியர் படிப்பார். இதழின் நோக்கத்துக்கும் விசுவாச நிலைப்பாட்டுக்கும் பொருந்தினால், எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு, அந்தத் துறை தெரிந்த ஓரிருவருக்கு அனுப்புவார். அவர்களும் உங்களைப்போல வகுப்பெடுப்பவர்கள்தான். பெரும்பாலும் ஊதியமில்லாமல் படித்துத் தருகிறார்கள். தாமதம் அங்கேதான். ஆனாலும், ‘மதிப்பீட்டாளரிடம் இருக்கிறது, இன்னும் இரண்டு மாதமாகும்’ என்று ஒரு வரி எழுத ஒரு நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாத இதழ்கள்தான் பொறுமையிழந்தவர்களைத் தரகர் வாசலுக்குத் தள்ளுகின்றன. வெளியீட்டின் தரத்தைப் பாராமல் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் கல்லூரிகளுக்கும் இதில் பங்கு உண்டு.

உங்களுக்கு வந்த மின்னஞ்சலை நிதானமாக இன்னொரு முறை படியுங்கள். முனைவர் பட்டம் பெறாதவரையும் ‘பெருமதிப்பிற்குரிய டாக்டர்’ என்று அழைப்பார்கள். இறையியல், நர்சிங், பொறியியல் எல்லாம் ஒரே இதழில் வரும். மூன்றே நாளில் மதிப்பீடு முடியும். ஆசிரியர் குழுவில் பெரிய பெயர்கள் இருக்கும். அவர்களில் சிலருக்குத் தங்கள் பெயர் அங்கே இருப்பதே தெரியாது. ஐஎஸ்எஸ்என் என்பது ஓர் அடையாள எண், அவ்வளவுதான். தொடர்ந்து வெளிவரும் எந்த இதழும் விண்ணப்பித்து அதைப் பெறலாம். அது தரச்சான்று அல்ல.

இந்தத் துறையின் நல்ல இதழ்கள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். கேம்பிரிட்ஜில் உள்ள வேதாகம ஆய்வு மையமான டிண்டேல் ஹவுஸ் 1956 முதல் தன் ஆய்விதழை நடத்துகிறது. இறையியல் மாணவர்களுக்காக 1962-ல் தொடங்கிய ‘தெமேலியோஸ்’ இதழை 2008 முதல் காஸ்பல் கோயலிஷன் என்ற இவாஞ்சலிக்கல் அமைப்பு ஆண்டுக்கு மூன்று முறை வெளியிடுகிறது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். 1949-ல் உருவான இறையியலாளர் சங்கமான இவாஞ்சலிக்கல் தியாலஜிக்கல் சொசைட்டியின் இதழ் உறுப்பினர்களையும் சந்தாதாரர்களையும் நம்பி நடக்கிறது. இவை எதுவும் கட்டுரையாளரிடம் காசு வாங்கி வளர்ந்தவை அல்ல. ‘ஆசிரியரை எனக்குத் தெரியும், சொல்லி வைக்கிறேன்’ என்று நடுவில் ஒருவர் வந்தாலே அவரை விட்டு விலகுங்கள்.

பணம் போவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கோப்பு கைக்குக் கிடைத்ததும், உங்கள் கையெழுத்துக்குக்கூடக் காத்திராமல் வெளியிட்டுவிடுவார்கள். நீக்கச் சொன்னால் அதற்கும் கட்டணம் கேட்பார்கள். ஒருமுறை வெளிவந்துவிட்ட கட்டுரையை நல்ல இதழ் எதுவும் தொடாது. ஆண்டுக்கணக்கான உழைப்பு அதோடு முடிந்துவிடும்.

ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பலாமா என்றால், கூடாது. ‘ஏற்கெனவே வெளிவந்தது’ என்பதில் மட்டும் பலர் குழம்புகிறார்கள். கருத்தரங்கில் வாசித்தது வெளியீடு ஆகாது. வாசித்து, கேள்விகளை வாங்கி, திருத்தி அனுப்பலாம். அதே கட்டுரை கருத்தரங்கத் தொகுப்பு நூலில் அச்சானால் அது வெளியீடு. அச்சாகவில்லை, ஆனால் ஏற்பாட்டாளர்கள் முழு உரையையும் இணையத்தில் ஏற்றிவிட்டார்கள் என்றால்? அனுப்பும்போதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள், முடிவு பதிப்பாசிரியருடையது. ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பதைப் பெரும்பாலான இதழ்கள் தடையாகக் கொள்வதில்லை. அதையும் மறைக்க வேண்டாம்.

இப்போது பதிப்பாசிரியருக்கு இவ்வளவு எழுதினால் போதும்: ‘ரோமர் 9–11 பற்றிய என் கட்டுரையை இன்ன தேதியில் அனுப்பினேன். அது எந்த நிலையில் உள்ளது என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.’ கல்லூரி நெருக்கடியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொண்டு, அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். அனுப்புமுன் அந்த இதழின் கடைசி இரண்டு வெளியீடுகளைப் படியுங்கள். கட்டுரை பிரசங்கமாக முடிந்திருந்தால் அந்தப் பத்தியை வெட்டுங்கள். பல நல்ல கட்டுரைகள் மதிப்பீட்டாளரை எட்டாமலே திரும்புவது அந்தக் கடைசிப் பத்தியால்தான்.

தரகருக்குக் கட்டுரையை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், ‘வெளியிட நான் அனுமதி தரவில்லை’ என்று இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். அனுப்பவில்லையென்றால் பதிலே போடாதீர்கள். ‘கட்டணம் எவ்வளவு?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு உங்களை விடமாட்டார்கள்.