ஊறிப்போன நூடுல்ஸ்

வணக்கம்.

வேலை நிமித்தமாக ஜப்பானின் ஃபுகுவோகா வந்திருக்கிறேன். இவ்வூரின் ஹகாட்டா ராமென் (சூப் நூடுல்ஸ்) கடையில், சீட்டு வாங்கும் இயந்திரத்தில் பெரிய அளவுக்கான பொத்தானைத் தேடினேன், இல்லை. வந்ததோ ஒரு பிடி நூடுல்ஸ். அதுவும் பாதி தின்பதற்குள் கொழகொழத்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டும் இரண்டாவது தடவை நூடுல்ஸ் வந்தது. எங்கே தவறினேன்? அடுத்த வாரம் மனைவி வருகிறார், சைவம். கறித்துண்டு வேண்டாம் என்றால் போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெரிய கிண்ணம் இல்லாததற்கும் நூடுல்ஸ் ஊறியதற்கும் காரணம் ஒன்றுதான். ஹகாட்டா நூடுல்ஸில் 100 கிராம் மாவுக்கு 30 கிராமோ அதற்கும் குறைவாகவோதான் தண்ணீர் விடுவார்கள். வறண்ட மாவு, மெல்லிய இழை. கிண்ணத்தில் விழுந்த நொடியிலிருந்து சூப்பை உறிஞ்சும். வடக்கே சப்போரோ நகரத்தின் தடித்த சுருள் நூடுல்ஸில் தண்ணீர் கூடுதல் என்பதால் அது தாங்கும். ஃபுகுவோகாவின் நாகஹாமா மீன் சந்தையில் வேலைக்கு நடுவே ஓடிவந்து சாப்பிட்டவர்களுக்குச் சீக்கிரம் வெந்தாக வேண்டும் என்று இழைத்த மெலிவு இது. ஆகவே கொஞ்சமாக வைத்து, தீர்ந்ததும் புதிதாக வேகவைத்துப் போடுகிறார்கள். அதற்குப் பெயர் கயெதமா.

சீட்டைக் கொடுக்கும்போதே வேக்காட்டைச் சொல்லிவிடுங்கள். 'யவா' குழைவு, 'ஃபுட்சூ' வழக்கமானது, 'கதா' விறைப்பு. 'பரிகதா' இன்னும் விறைப்பு, நடுவில் மாவு கடிபடும். அதைக் கேட்பது பாதி வீம்பு. 'கதா' போதும், உட்கார்ந்து முடிப்பதற்குள் அது தானாகவே பதத்துக்கு வரும்.

நூடுல்ஸ் இரண்டு வாய் மிச்சமிருக்கும்போதே "கயெதமா, கதா" என்று குரல் கொடுங்கள். சூப் பாதியாவது இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான், ருசியில் மயங்கிக் குடித்துத் தீர்த்துவிடுவார்கள். வந்த உருண்டையைக் கொட்டியதும் அடியோடு ஒரு கிளறு கிளறாவிட்டால் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். கூடவே வரும் தண்ணீரால் சூப் சப்பென்றாகும். மேசைமேல் சின்னக் கெண்டியில் இருக்கும் கறுப்புச் சாறு (தாரே) அதற்குத்தான், ஒரு கரண்டி விட்டுப் பாருங்கள். வெறும் உப்பு அது, தாராளம் வேண்டாம். சிவப்பு இஞ்சி, காரக் கடுகுக்கீரை ஊறுகாய், பூண்டு எல்லாவற்றையும் இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே கீரையைப் போட்டால் பல மணி நேரம் கொதித்த எலும்புச் சூப்பில் காரம் மட்டுமே மிஞ்சும்.

சில்லறையாக 1000 யென் தாள்கள் வையுங்கள். பழைய இயந்திரங்கள் பெரிய தாளை ஏற்காது. 2024 ஜூலையில் வந்த புதுத் தாள்களையும் சில ஏற்பதில்லை.

மனைவி விஷயத்தில் கறித்துண்டை எடுத்துப் பயனில்லை. சூப்பே பன்றி எலும்பு. சோயா, மிசோ (புளித்த சோயா விழுது) என்று எழுதியிருந்தாலும் அடியில் பெரும்பாலும் எலும்போ, கோழியோ, உலர்மீனோ இருக்கும். டோக்கியோ பக்கம் போனால், டோக்கியோ ரயில் நிலையத்தில் டிக்கெட் தடுப்புக்கு உள்ளேயே 'டீஸ் டான்டான்' என்ற கடை இருக்கிறது. முழுக்கத் தாவர உணவு, எள் சூப்பில் ராமென்.