ஜிபிஏவா எஸ்ஏடியா, எதை நம்புறது?

கேள்வி: அக்கா, எங்க பொண்ணு பதினோராவது கிரேடு. ஸ்கூல் கிரேடோட சராசரி, அதாவது ஜிபிஏ, 4க்கு 3.9, ஆனா காலேஜ் அட்மிஷனுக்கு எழுதற எஸ்ஏடி பரீட்சைல 1600க்கு 1230 தான் வந்துச்சு, அதுலயும் கணக்குல 800க்கு 560. "ஸ்கூல்ல மார்க்க அள்ளிப் போடுறாங்க, எஸ்ஏடி தான் நெசம்"னு இவர் சொல்றாரு, அவ அழுதுட்டே இருக்கா. காலேஜ்ல தாக்குப்பிடிப்பாளா?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: தாக்குப்பிடிப்பாம்மா, மொதல்ல அவ கண்ணைத் தொடைச்சு விடுங்க. 3.9ங்கறது ஒரே நாள் காலைல எழுதி வந்த நம்பர் இல்ல, ஒன்பதாவதுல இருந்து பிடிச்ச பாடம் பிடிக்காத பாடம், நல்ல டீச்சர் சிடுசிடு டீச்சர்னு எல்லாத்தையும் சமாளிச்சு, காய்ச்சல் வந்த வாரம் கூட ஹோம்வொர்க் முடிச்சுக் குடுத்து சேத்தது, காலேஜ்லயும் இதே பொழப்பு தான். சிகாகோ அரசுப் பள்ளிப் பிள்ளைங்க 55,000 பேரை வச்சு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு, எஸ்ஏடி மாதிரியே இருக்கற ஏசிடி ஸ்கோரை விட, டிகிரி முடிப்பாங்களான்னு சொல்றதுல ஜிபிஏக்கு அஞ்சு மடங்கு பலம்.

நானே ஃபர்ஸ்ட் இயருக்கு கணக்கு எடுத்தவ. ஸ்கோர் பிரமாதமா வச்சிருந்த ஒரு பையன் அக்டோபர்லயே கிளாஸுக்கு வர்றத நிறுத்திட்டான். இன்னொரு பொண்ணு மொத டெஸ்ட்ல 52, வாரா வாரம் தப்பாப் போட்ட கணக்கை சிவப்பு பேனால வட்டம் போட்டு எடுத்துட்டு வந்து நிப்பா, கடைசில பி பிளஸ்.

ஆனா உங்க வீட்டுக்காரர் சொல்றதையும் ஒதுக்கிட முடியாது. ஒரு ஸ்கூல்ல ஏ வாங்கறது ஈஸி, இன்னொண்ணுல குதிரைக்கொம்பு. பாஸ்டன் பக்கத்துல இருக்கற எம்ஐடி யுனிவர்சிட்டில கொரோனா நேரத்துல ஸ்கோர் வேணாம்னாங்க, 2022ல திரும்ப வேணும்னுட்டாங்க, ஏன்னா அங்க என்ன மேஜர் எடுத்தாலும் ரெண்டு செமஸ்டர் கால்குலஸ், ரெண்டு செமஸ்டர் பிசிக்ஸ் கட்டாயம், வர்ற அப்ளிகேஷன் எல்லாம் ஏ மயம், யாரு தாங்குவாங்கன்னு பிரிச்சுப் பாக்க கிரேடு மட்டும் பத்தல. கலிபோர்னியா யுனிவர்சிட்டி இதுக்கு நேர் எதிர், ஸ்கோர் அனுப்பினாலும் அட்மிஷனுக்குப் பாக்க மாட்டாங்க.

அதனால அவ என்ன படிக்கப் போறான்னு பாருங்க. என்ஜினியரிங்னா அந்த 560ஐ அப்படியே விட வேணாம், அல்ஜீப்ரால எங்க ஓட்டைன்னு உக்காந்து கண்டுபிடிங்க, கான் அகாடமி வெப்சைட்ல ப்ராக்டிஸ் இலவசம், ஆகஸ்ட்ல இன்னொரு தடவை எழுதட்டும். கோச்சிங்குக்காக ஸ்கூல் வேலைய மட்டும் விட்டுடாம பாத்துக்கோங்க. ஸ்கோர் கட்டாயமில்லாத காலேஜ் நாலஞ்சையும் லிஸ்ட்ல சேத்துக்கோங்கம்மா.